தொண்டைமான் கிடங்கும் நம்ம ஒர்க்‌ஷாப் அலமாரியும்

எங்க ஊர் அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட அதியமான் பேரைச் சுமக்கிற ஊர். அதியமான்னதும் உங்களுக்கு நெல்லிக்கனி ஞாபகம் வரும். ஆனா இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு வேண்டிய கதை வேற ஒண்ணு. அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமான்கிட்ட தூது போறாங்க. அவன் தன் ஆயுதக் கிடங்கைக் காட்டுறான். ஒளவையாரோட பதில் புறநானூறு 95ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் மயிற்பீலி கட்டி, நெய் பூசி, காவலோட பத்திரமா இருக்கு. எங்க ஆளோடது குத்திக் குத்தி முனை சிதைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு சொல்றாங்க. பாராட்டுற மாதிரியே ஒரு குத்து.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல கைரம்பம், உளி வெச்சு ஒரு ஹாஃப் லேப் ஜாயின்ட் செய்வோம். அதோட மரவேலை முடிஞ்சது. ஜிக்சா மெஷின் இருந்தாலும் பல இடங்கள்ல பெட்டியை விட்டு வெளியே வராது. கேட்டா, "பிளேடை உடைச்சிடுவீங்க". ஃபைனல் இயர்ல ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வளைவான ப்ளைவுட் பேனல் வேணும்னா லேசர் கட்டிங் கடையைத் தேடி ஓடுறோம். பிளேடு உடையுதுங்கிறதுதான் அதைக் கத்துக் குடுக்க வேண்டிய காரணமேங்கிறது என் கருத்து. ஏன்னா அது ஏன் உடையுதுங்கிற கேள்விக்கான பதில் முழுக்க நம்ம சிலபஸ்லயே இருக்கு.

1946இல் சுவிட்சர்லாந்தில் சின்டில்லா கம்பெனி இன்ஜினியர் ஆல்பர்ட் காஃப்மன், தையல் மெஷின்ல ஊசிக்குப் பதிலா ரம்ப பிளேடை மாட்டிப் பார்த்தார். அதுதான் இன்னிக்கு நாம பார்க்கிற ஜிக்சாவோட ஆரம்பம். தையல் தெரிஞ்சவங்களைக் கேளுங்க, ஊசி எப்போ உடையும்னு. துணியைப் பிடிச்சு இழுத்தா உடையும். ஜிக்சாவும் அதே ஜாதிதான்.

வளைவில் திரும்பும்போது பிளேடோட முதுகு, அது வெட்டின தடத்தோட சுவரில் இடிக்கும். குறைந்தபட்ச ஆரம், தோராயமா பிளேடு அகலத்தோட வர்க்கத்தை பக்க இடைவெளியோட இரண்டு மடங்கால் வகுத்தா வரும். பக்கத்துக்கு 0.2 மி.மீ. இடைவெளின்னு வெச்சுக்கங்க. 8 மி.மீ. பிளேடுக்கு 160 மி.மீ. ஆரம். 4 மி.மீ. பிளேடுக்கு 40தான். அகலம் பாதியானா ஆரம் கால்வாசி. வளைவுக்குன்னே குறுகலான பிளேடு விக்கிறது இதுக்காகத்தான். அகல பிளேடை வெச்சு சின்ன வளைவைத் திருகினா அது முறுக்கித்தான் உடையும்.

ஆனா குறுகலுக்கும் ஒரு விலை உண்டு. முன்னாடி தள்ளும்போது வளையாம நிக்கிற விறைப்பு, அகலத்தோட மூணாம் அடுக்கு. பாதி அகலம்னா எட்டில் ஒரு பங்கு விறைப்பு. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். அதனால தள்ளக் கூடாது. பிளேடு வெட்டுற வேகத்துக்குக் கை பின்னாடி போகணும்.

மீதி எல்லாம் பழக்கம். வளைவுக்கு ஆர்பிட்டல் செட்டிங்கைப் பூஜ்யத்தில் வைங்க. பிளேடு முதுகு கைடு ரோலர்ல உக்காந்திருக்கான்னு பாருங்க. ப்ளைவுட்டை வெட்டுற இடத்துக்குப் பக்கத்துலயே கிளாம்ப் பண்ணுங்க. பலகை அதிர்ந்தா பிளேடு மாட்டிக்கும். அடியில் மேசை இடிக்காத அளவுக்கு இடம் விடுங்க, பிளேடு நுனி இடிச்சா அந்த நொடியே போச்சு. சின்ன வளைவுன்னா, வேண்டாத பக்கத்திலிருந்து கோடு வரைக்கும் முதல்ல சில நேர் வெட்டு போட்டுடுங்க. துண்டு துண்டா கழண்டு விழும், பிளேடுக்குத் திரும்ப இடம் கிடைக்கும். உள்பக்க வளைவுக்கு ட்ரில் பண்ணி ஓட்டை போட்டு ஆரம்பிங்க. ப்ளைவுட்ல இருக்கிற பசை பல்லை சீக்கிரம் மழுக்கும். மழுங்கின பிளேடு நம்மளை அழுத்த வைக்கும், அழுத்தினா உடையும். மழுங்கினதும் மாத்திடுங்க.

பாதுகாப்பு என்ன ஆகும்னு கேட்டா, நியாயமான கேள்வி. கண்ணாடி போடாம யாரும் மெஷினைத் தொடக் கூடாது, ப்ளக்கைக் கழட்டாம பிளேடு மாத்தக் கூடாது. இந்த ரெண்டையும் பக்கத்துல நின்னு சொல்லித் தர்ற இடம் லேப்தான். அங்கே கத்துக்காதவன் நாளைக்கு வேலை பார்க்கிற இடத்துல தனியா நின்னு கத்துக்குவான். எது ஆபத்து?

"லேசர், சி.என்.சி. இருக்கும்போது இது எதுக்கு?" இதுவும் கேக்குறாங்க. லேசர் கடை நமக்குப் பேனலைக் கொடுக்கும். எந்த ஆரத்தை வரைஞ்சா மரம் ஒத்துழைக்கும்ங்கிற அறிவைக் கொடுக்காது. அது ஊர்ல மரவேலை செய்யுற ஆசாரிகிட்ட இருக்கு. ஃபார்முலா நம்மகிட்ட இருக்கு. ரெண்டும் ஒரே கையில சேரணும்.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடுறேன். அதியமான் ஆயுதம் முனை சிதைஞ்சது வேலை செஞ்சு. அவசரத்துல படக்குனு உடைஞ்ச பிளேடு அந்தக் கணக்குல வராது. பல் தேஞ்சு ஓய்வு பெறுற பிளேடுதான் நமக்குப் பெருமை.

அதனால ஒர்க்‌ஷாப் பொறுப்புல இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு லேப் வகுப்பு, ஆளுக்கு ஒரு குறுகல் பிளேடு, 12 மி.மீ. ப்ளைவுட்ல 40 மி.மீ. ஆரத்தில் ஒரு வளைவு. பிளேடு முழுசா திரும்பி வந்தா மார்க் போடுங்க. நண்பர்களே, நீங்களும் போய்க் கேளுங்க. கேக்காம எந்த அலமாரியும் திறக்காது.