கடைசற் பொருளும் காலத்தின் விலையும்

“ஒரு கட்டைத்துண்டுக்கா இவ்வளவு விலை?” என்று கேட்கும் தமிழரை நாம் வினவுகின்றோம்: கட்டை தானே கிண்ணமாயிற்றோ?

அம்பாசமுத்திரத்துச் சொப்பையும் கருநாடகத்துச் சன்னபட்டணாப் பொம்மையையும் எண்ணுக. பச்சை மரத்தைக் கடைந்தால் பின்னர் வெடிக்கும். ஆதலின் முன்னரே உலர்த்தல் வேண்டும். பின்பு கடைசலிலேற்றி, உளியால் உருவமைத்து, சுழலும் மரத்தின்மேல் அரக்கை அழுத்தி உராய்வுச் சூட்டில் உருக்குவர். சன்னபட்டணாவில் தாழைமடலால் மெருகிடுவர்.

ஜொகூர்த் தோட்டத்தாருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? 25 ஆண்டளவு பால் தந்த மரமே மூவார் ஆலைகளில் நாற்காலியாகின்றது. அம்மரத்தைச் சீவ விடியுமுன் எழுந்தவர் நம்மவரே. தம் நாழிகை குறைத்தெண்ணப்பட்டபோது குமுறியவர், கடைசற்காரர் நாழிகையைக் குறைத்தெண்ணுதல் எந்த நீதி?

இயந்திரம் மலிவாகத் தருமே என்பர். தருக, வேண்டுவோர் அதனை வாங்குக. கைப்பொருளைக் கையிலேந்தி இயந்திர விலை பேசுவதே கொடுமை.

விற்போரும் நாணி வாய்மூடல் வேண்டா. உலர்த்திய நாளையும், கடைந்த நாழிகையையும், வெடித்துக் கழிந்த துண்டையும் கணக்காக எடுத்துரையுங்கள். கூலியின் அருமை தெரிந்த மக்கள் அக்கணக்கை மறுக்கமாட்டார்.

கைத்தொழிலை இழிவென்ற பழங்குலச் செருக்கே இன்று பேரமாக வேடம் பூண்டுள்ளது. அவ்வேடத்தைக் கலைப்பது வாங்குவோர் கடன்.