மனிதம் வென்றது, சரி. பால் பாக்கெட் எப்போ வரும்?

ஒவ்வொரு டிசம்பரிலும் 2015 வெள்ளத்தின் படங்கள் சுற்றுக்கு வந்துவிடும். படகு, சாப்பாட்டுப் பொட்டலம், கைகோத்து நிற்கும் இளைஞர்கள். கீழே ஒரு வரி: 'மனிதம் வென்றது.' வென்றதுதான், யார் இல்லையென்றது? அரசு செய்ய வேண்டிய வேலைக்கு மனிதம் ஏன் இறங்க வேண்டி வந்தது என்று கேட்டால்தான் நம்ம ஆட்களுக்குக் கோபம் வருகிறது.

டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றுப் பாலங்கள் மூடப்பட்டன. நகரம் இரண்டு துண்டானது. ரயில்கள் ரத்து. மீனம்பாக்கத்திலிருந்து பயணிகள் விமானம் மறுபடி பறக்க 6ஆம் தேதி ஆனது. இடையில் அரக்கோணம் கடற்படைத் தளம்தான் கதி. ஆட்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல் 1878இல் தொடங்கிய 'தி இந்து' 2ஆம் தேதி வெளிவரவில்லை. சில இடங்களில் ஒரு லிட்டர் பால் 100 ரூபாய்.

வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகப் பொருள் வந்தது உண்மை. ஆனால் லாரி மெயின் ரோட்டோடு நின்றுவிடும். உள்தெருவில் இடுப்பளவு தண்ணீர். அங்கே போனது மீனவர்களின் படகு. ட்விட்டரில் முகவரி போடத் தெரிந்தவர், போனில் சார்ஜ் மிச்சமிருந்தவர் வீட்டுக்கு உதவி முதலில் போயிருக்கும். ரெண்டும் இல்லாத கிழவி என்ன செய்வாள்? தன்னார்வலர்களைக் குறை சொல்லவில்லை. வார்டு வாரியாகப் பட்டியல் வைத்திருக்க வேண்டியது அவர்கள் வேலையே இல்லை. வந்த பொருள்களில் முதல்வர் படத்தை ஒட்ட மட்டும் ஆள் இருந்தது.

இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று எதிர்க்கட்சி மட்டும் சொல்லவில்லை. மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கையே சொன்னது. அதற்குள் தண்டனை நிறைவேறிவிட்டது. ஆற்றோரக் குடிசைகள் 'ஆக்கிரமிப்பு' ஆயின. அங்கிருந்தவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதே அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டிப் போட்ட ஓடுபாதை மட்டும் 'வளர்ச்சி'. 2023 மிக்ஜாம் புயலில் விமான நிலையம் மறுபடி மூடியது, பாலுக்கு மறுபடி அலைந்தோம், பெரும்பாக்கத்தையும் தண்ணீர் சூழ்ந்தது.

அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். நம்ம வார்டில் பால் பவுடரும் குடிநீரும் மருந்தும் எந்த மேட்டில் இருக்கின்றன? எந்த ரோடு மூழ்காது? படகு யாரிடம் இருக்கிறது, அவருக்குக் கூலி யார் கொடுப்பது? பதில் இல்லையென்றால், 'மனிதம் வென்றது' படத்தை இந்த வருஷம் ஷேர் பண்ணாதீர்கள்.