கணினி மொழியின் நாளை யார் கையில்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

பேசும் மொழிக்குத் தனியொரு முதலாளி கிடையாது. பேசுகிறவர் அனைவரும் அதற்கு உரியவர். அறிஞர்கள் இலக்கணம் வகுக்கிறார்கள். ஆனால் ஒரு சொல் வாழ்வதும் வழக்கொழிவதும் மக்கள் நாவில்தான் முடிவாகிறது. கம்ப்யூட்டருக்கு நம் மொழியில் ‘கணிப்பொறி’ என்றும் ‘கணினி’ என்றும் சொற்கள் பிறந்தன. நூல்களிலும் பத்திரிகைகளிலும் இரண்டும் உலவின. இன்று ‘கணினி’ பெரிதும் முந்தியிருக்கிறது. அதை முந்தச் செய்தவர்கள் எழுதியவர்களும் பேசியவர்களுமே.

அந்தக் கணினிக்கு நாம் கட்டளையிடும் மொழிகளைப் பற்றி மட்டும் நம் எண்ணம் வேறாக இருக்கிறது. சி, ஜாவா, பைத்தான் ஆகியவை எங்கோ ஓரிடத்தில் முற்றுப்பெற்று, பாடத்திட்டத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை என்று நினைக்கிறோம். மனப்பாடம் செய்கிறோம், ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோம், செய்முறைத் தேர்வில் ஒப்பிக்கிறோம். ‘இது ஏன் இப்படி இருக்கிறது? வேறு விதமாக இருக்கலாகாதா?’ என்று கேட்பதில்லை. கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்காவிட்டால் இழப்பும் நமக்கே என்பதுதான் இக்கட்டுரையின் வழியாக நான் சொல்ல விழைவது.

அவை ஏறிய மொழி

தொல்காப்பியம் அரங்கேறிய வரலாற்றைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்டு ஆராய, அந்நூல் அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. இலக்கணம் வகுத்தவர் எத்துணைப் பெரியவராயினும் அவையின் கேள்விகளுக்கு விடை கூறியே தம் நூலை நிலைநிறுத்த வேண்டும். இந்த மரபுக்கு நெருங்கிய ஒன்றை இன்றைய கணினி மொழிகளில் காணும்போது வியப்பு உண்டாகிறது.

பைத்தான் மொழியையே எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்து நாட்டின் கைடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டின் இறுதியில் இதை உருவாக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். இது திறந்த மூல மொழி. அதாவது அதன் உட்பகுதி முழுவதையும் யாரும் படிக்கலாம், படி எடுக்கலாம், திருத்திப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டு முதல் இம்மொழியில் பெரிய மாற்றம் எதையும் செய்யவேண்டுமாயின் ‘மேம்பாட்டு முன்மொழிவு’ என்ற ஓர் ஆவணத்தை எழுதி முன்வைக்க வேண்டும். என்ன மாற்றம், ஏன் தேவை, பழைய நிரல்கள் என்னவாகும், எதிர்ப்புகள் யாவை, கைவிட்ட வழிகள் யாவை என்பன அதில் இடம்பெறும். படைப்பாளர் குழுவுக்கு வெளியே உள்ளவரும் எழுதலாம். அக்குழுவினர் ஒருவர் துணை நிற்க வேண்டும் என்பது விதி. எழுதியபின் எல்லாரும் அறிய வாதம் நடக்கிறது. ஏற்றதும் மறுத்ததும் காரணத்தோடு பதிவாகின்றன.

விகடகவி தோற்ற இடம்

‘நல்லதுதான், இதில் பேரணாம்பட்டு மாணவனுக்கு என்ன வேலை?’ என்று நண்பர்கள் கேட்கலாம். விடையை நம் ஆய்வகத்திலேயே காட்டுகிறேன்.

முன்னும் பின்னும் ஒன்றுபோல் வரும் சொல்லைக் கண்டறியும் நிரலை நாம் எல்லாரும் எழுதியிருக்கிறோம். ‘மலையாளம்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால், ‘ஆம், இருவழியும் ஒன்றே’ என்று கணினி கூறும். அதே நிரலில் நம் பாட்டிமாருக்கும் தெரிந்த ‘விகடகவி’யைத் தமிழில் தட்டிப் பாருங்கள். ‘இல்லை’ என்று விடை வரும்! தெனாலிராமனோடு நாம் சேர்த்துச் சொல்லும் அந்தப் பட்டத்தையே கணினி தள்ளிவிடுகிறது.

காரணம் எளியது. பைத்தான் ‘வி’ என்பதை ஓரெழுத்தாகக் காண்பதில்லை. ‘வ’ ஒன்று, மேலுள்ள கொக்கி ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. சொல்லைத் திருப்பும்போது கொக்கி முன்னால் வந்து தனியே நிற்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் நம் ஊர் முதல் வகுப்புப் பிள்ளை மூன்று என்னும். பைத்தான் ஐந்து என்னும். வீட்டில் தெலுங்கு பேசும் நம் வகுப்பு நண்பர்களுக்கும் இதே தொல்லைதான்.

இது மாற்ற முடியாத விதியா? இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2014இல் வெளியிட்டு, 2015இல் திறந்த மூலமாக்கிய ஸ்விஃப்ட் மொழி ‘தமிழ்’ என்பதை மூன்று எழுத்தாகவே எண்ணுகிறது. ஆக, ஒரு மொழியைப் படைப்பவர்கள் எதை ‘எழுத்து’ என்று கொள்கிறார்கள் என்பது அவர்கள் செய்யும் தேர்வு. தேர்வு நடக்கும் இடத்தில் தமிழோ தெலுங்கோ அறிந்தவர் ஒருவர் இருந்தால் விகடகவிக்காக வழக்காடுவார். இல்லையேல் அப்படியொரு சிக்கல் உண்டு என்பதே அவைக்குத் தெரியாமற் போகும்.

குரல் கொடுத்தால் நடக்கும்

குரலுக்குப் பலன் உண்டா என்ற ஐயத்திற்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. பைத்தானில் மாறிகளுக்கு ஆங்கில எழுத்தில் மட்டுமே பெயர் வைக்கலாம் என்ற நிலை இருந்தது. 2007 மே மாதத்தில் மார்ட்டின் ஃபான் லோவிஸ் என்ற ஜெர்மானியர், பிற மொழி எழுத்துகளையும் அனுமதிக்க வேண்டும் என்று 3131 என்ற எண்ணுள்ள முன்மொழிவை வைத்தார். ஆங்கிலம் நன்கறியாதவர்களும் உலகில் நிரல் எழுதுகிறார்கள் என்பது அவர் வாதம். எதிர்ப்புக்குக் குறைவில்லை. ‘ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாமற் போகும்’ என்றனர் சிலர். அந்த எதிர்ப்புகளும் ஆவணத்திலேயே பதிவாகியுள்ளன. முடிவில் முன்மொழிவு ஏற்கப்பட்டது; 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் நடைமுறைக்கு வந்தது. இன்று ‘மதிப்பெண்’ என்றும் ‘கூலி’ என்றும் தமிழிலேயே மாறிக்குப் பெயரிட்டு நாம் நிரல் எழுதலாம்; பைத்தான் அதை ஏற்கும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னும் ஒரு படி மேலே சென்றவர் முத்தையா அண்ணாமலை. 2007இன் பிற்பகுதியில் தொடங்கி, 2009 ஜூலையில் அவர் அறிவித்த ‘எழில்’ மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் உள்ளன. அச்சிட ‘பதிப்பி’; முடிக்க ‘முடி’. அதன் அழகு சொற்களோடு நிற்கவில்லை. ஆங்கில மொழிகளில் ‘இஃப்’ முதலில் வரும். நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி அதன்பின் ‘ஆனால்’ என்கிறோம். ‘மதிப்பெண் நாற்பதுக்கு மேல் ஆனால்’ என்று நாம் இயல்பாகப் பேசும் வரிசை அது. எழிலும் திறந்த மூலமே. ‘பதிப்பி’ என்பதைவிட ‘அச்சிடு’ நன்று என்று ஒரு தமிழ் மாணவர் கருதினால், காரணம் காட்டி வாதிட அங்கே தடையில்லை. நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்களும் கணினித்துறைப் பேராசிரியர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசத் தக்க பொருள் இதைவிட வேறுண்டோ?

குரல் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 1991இல் வெளியான யூனிகோடு, 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரக் குறியீட்டைத் தழுவித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரவில்லை. அத்தொடக்க நாளில் தமிழ்ப் பயனரின் குரல் போதிய அளவு ஒலிக்கவில்லை என்பது தமிழ்க் கணிமையாளர் பலரின் மனக்குறை. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றதோடு, எழுத்துகள் அனைத்திற்கும் தனியிடம் தரும் ‘டேஸ் 16’ என்ற குறியீட்டையும் ஏற்று ஆணையிட்டது. ஆயினும் அதற்குள் உலகக் கணினிகள் யூனிகோடில் வேரூன்றிவிட்டன. விகடகவியின் தோல்விக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மறுப்பும் விடையும்

‘ஆளுக்கொரு கருத்துச் சொன்னால் எந்த வேலையும் உருப்படாது’ என்பார் உண்டு. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ஒரு புதிய குறியைப் பைத்தானில் சேர்க்கும் 572ஆம் முன்மொழிவு கடுஞ்சண்டையாக மாறியது. அதனால் மனம் சோர்ந்து, 2018 ஜூலையில் இறுதி முடிவெடுக்கும் தலைமைப் பொறுப்பிலிருந்து வான் ரோசமே விலகினார். கருத்துச் சொல்வது வேறு, ஒருவரைக் கரித்துக்கொட்டுவது வேறு என்பதை மறந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஆனால் அதன்பின் என்ன நடந்தது? மொழி அழியவில்லை. யார் ஆள்வது என்பதற்கே பல திட்டங்கள் எழுதி, வாக்கெடுத்து, ஐவர் கொண்ட நெறிக்குழு ஒன்றை 2019இல் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் இருவருக்குமேல் அதில் இருக்கக்கூடாது என்று விதி செய்தார்கள். பணபலம் உள்ள ஒரு நிறுவனம் மொழியைத் தன் பையில் போட்டுக்கொள்ளலாகாது என்ற முன்னெச்சரிக்கை அது. வாக்குரிமை படைப்பாளர் குழுவினருக்கு மட்டுமே உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்குழுவில் சேரப் பிறப்போ பணமோ தேவையில்லை. தொடர்ந்து செய்த நல்ல வேலையே தகுதி.

‘அறிஞர்கள் இருக்க, கற்றுக்குட்டி என்ன சொல்வது?’ என்பது அடுத்த மறுப்பு. என் தந்தை தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். தோலின்மேல் கையை ஓட்டியே எங்கே உண்ணி கடித்த வடு, எங்கே கத்தி பட்ட இடம் என்று சொல்லிவிடுவார். வேதியியல் பட்டம் பெற்றவரும் அந்த மேசைக்கு வந்து அவரிடம் கேட்டுப் போவதுண்டு. கையாளுகிறவனுக்குத் தெரியும் குறை வேறு யாருக்கும் அத்துணை விரைவில் தெரியாது. கணினி மொழியை அன்றாடம் கையாளும் மாணவனும் அவ்வாறே.

நம் பாலாற்றுப் பகுதியின் வரலாறும் இதையே சொல்கிறது. தோல் கழிவால் நிலமும் நீரும் கெட்டபோது, வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில்தான் 1996 ஆகஸ்டில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தொழிலின் விளைவைச் சுமப்பவர் பேசியதால் வந்த தீர்ப்பு அது. விளைவைச் சுமப்பவருக்குப் பேச இடம் வேண்டும் என்ற நியாயம் கணினிக்கும் பொருந்தும்.

மூன்றாவது மறுப்பு ஆங்கிலம். இதுதான் உண்மையான தடை. முன்மொழிவுகள் ஆங்கிலத்தில் உள்ளன. வாதங்களும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்னைப் போன்றோருக்கு ஒரு பத்தியை எழுதி முடிக்குமுன் வியர்த்துவிடுகிறது. ஆனால் அங்கே கேட்பது அலங்கார ஆங்கிலம் அன்று. ‘இதைத் தட்டினேன், இது வந்தது, இது வந்திருக்க வேண்டும்’ என்ற மூன்று வாக்கியம் போதும். விகடகவியின் வழக்கு அந்த மூன்று வாக்கியத்தில் அடங்கிவிடும்.

நாம் செய்யத்தக்கவை

வெறும் வாதத்தோடு நிறுத்தாமல் சிலவற்றை நம் துறையின் முன் வைக்கிறேன். முதலாவது, மாதம் ஒரு பிற்பகல், ஒரு முன்மொழிவை எடுத்து ஒரு மாணவர் தமிழில் விளக்கட்டும். மற்றவர் கேள்வி கேட்கட்டும். இரண்டாவது, ஆய்வகத்தில் எழுதும் ஒவ்வொரு நிரலையும் ஆங்கிலச் சொல்லோடு ஒரு தமிழ்ச் சொல்லும், ஓர் உருதுச் சொல்லும், ஒரு தெலுங்குச் சொல்லும் கொடுத்துச் சோதிப்போம். நம் ஊரில் இம்மூன்றுக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. மூன்றாவது, கண்ட குறைகளை ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதிவைப்போம். ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் திருத்திக் கொடுத்தால் உரிய இடத்திற்கு அனுப்புவோம். விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்கு இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறார்கள். விழுப்புரத்தில் இயல்வது பேரணாம்பட்டில் இயலாதா?

காலத்திற்கேற்பப் பழையது விலகுவதையும் புதியது வருவதையும் நன்னூலார் குற்றமென்று ஒதுக்கவில்லை. மொழி என்றால் மாறும். பேசுகிறவர் விருப்பப்படி மாறும். கணினி மொழிகளும் அப்படித்தான் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொடாமல் ஒதுங்கி நின்றவன், தேர் தன் தெரு வழியே வரவில்லை என்று பின்னர் வருந்திப் பயனில்லை. வடம் நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது, நண்பர்களே. அடுத்த செய்முறை வகுப்பில் விகடகவியைத் தட்டிப் பாருங்கள். வரும் விடையைக் குறித்துக்கொண்டு துறைக்கு வாருங்கள். முதல் கடிதத்தை நாம் சேர்ந்தே எழுதுவோம்.