கடலுக்குக் கூண்டு உண்டு, ஆற்றுக்கு எங்கே?

கும்மிடிப்பூண்டியில் கூட்டம் முடிந்து தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஐப்பசி மாதம். வானம் கறுத்துக் கிடந்தது. இரவு ஷிப்டுக்குப் புறப்பட்ட இரும்பாலைத் தோழர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு நம்மிடம் வந்தார். பொன்னேரிப் பக்கம் ஆரணியாற்றங்கரையில் அவருக்கு வீடு. கேட்டார்:

"அண்ணே, புயல் வந்தா ஹார்பர்ல கூண்டு ஏத்துறாங்க. கடலுக்குப் போறவன் பார்த்துட்டுத் திரும்பிடுறான். ஆத்துல வெள்ளம் வந்தா எங்களுக்கு எந்தக் கூண்டுண்ணே? நான் ஃபர்னஸ்கிட்ட நிக்கிறேன். வீட்ல அவளும் பிள்ளைங்களும் தூங்குறாங்க."

மேடையில் ஒரு மணி நேரம் முழங்கினோம். அவர் ஒரே கேள்வியில் நம்மை ஊமையாக்கினார். ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அது பதிலன்று. பதிலை இன்று எழுதுகிறோம்.

முதலில் கூண்டின் கதை. 1864-ஆம் ஆண்டு கல்கத்தாவைப் புயல் சூறையாடிற்று. பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. அடுத்த ஆண்டே, 1865-இல், அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறையை ஏற்படுத்தினர். பிறகு அது மற்றத் துறைமுகங்களுக்கும் பரவிற்று. ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. வெள்ளைக்காரன் கட்டுமரக்காரன் மீது கருணைகொண்டா ஏற்றினான்? இல்லை, கப்பலும் சரக்கும் கவிழுமே என்று ஏற்றினான்! ஆயினும் உயரத்தில் தொங்கிய அந்தக் கூண்டைக் கோட்டைத் துரையும் பார்த்தான். குப்பத்து மீனவனும் பார்த்தான். எழுதப் படிக்கத் தெரியாதவனும் உயிர் பிழைத்தான். அறிந்ததை ஊரறியத் தொங்கவிட்டால் அது எல்லார்க்கும் பயன்படும் என்பதற்கு அந்தக் கூண்டே சான்று.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியை நடுவில் வைத்து ஐம்பது மைலுக்கு ஒரு வட்டம் போடுங்கள், தோழர்களே! வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் மேகத்தைத் துருவிப் பார்க்கும் ராடார். தெற்கே சென்னைத் துறைமுகத்தில் இன்னொரு ராடார். நுங்கம்பாக்கத்தில் வானிலை மையம். பூண்டியில் நீரியல் ஆராய்ச்சி நிலையம். கிண்டிப் பக்கம் ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும். பள்ளிக்கரணையில் கடலை ஆராயும் நிலையங்கள். இத்தனை அறிவுக் கூடங்கள் சூழ்ந்திருக்க, நடுவில் நிற்கும் தொழிலாளி "ஆறு எப்போது வரும்?" என்று நம்மைக் கேட்கிறார் — பஞ்சாங்கத்தையே நம்பாத நம்மை!

ஏன் இந்த நிலை? அறிவு இல்லாமலா? இருக்கிறது. துண்டு துண்டாக இருக்கிறது. ஆளுக்கொரு பெட்டியில், பெட்டிக்கொரு பூட்டோடு இருக்கிறது.

ஆரணியாறு ஆந்திரத்திலிருந்து வருகிறது. பிச்சாட்டூர் அணையில் நீர் திறந்தால் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்குகிறது. பின்னர் பொன்னேரியைத் தொட்டுப் பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. கொசத்தலையாற்றுக்கும் ஆந்திரத்து நீர் உண்டு. அங்கே கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் இங்கே பூண்டி ஏரி நிரம்புகிறது. பூண்டி மதகு திறந்தால் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஓடுகிறது. அங்கே கடல் ஏற்றமாக இருந்தால் ஆற்று நீர் உள்ளே போகாமல் ஊருக்குள் திரும்புகிறது.

ஆக, "என் வீட்டுக்கு வெள்ளம் எத்தனை மணிக்கு வரும், எத்தனை அடி வரும்?" என்ற ஒரு கேள்விக்கு விடை சொல்ல, மழைக் கணக்கு வேண்டும், அது வானிலைத் துறையிடம். மேலணைக் கணக்கு வேண்டும், அது ஆந்திரத்தாரிடம். ஏரிக் கணக்கு வேண்டும். அது நம் நீர்வளத் துறையிடம். மேடு பள்ளக் கணக்கு வேண்டும்; அது நில அளவையாரிடம். கடலேற்றக் கணக்கு வேண்டும். அது கடல் ஆய்வாளரிடம். ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் பானை, ஒரு வீட்டில் விறகு; நடுத்தெருவில் பசித்த குழந்தை! ஐந்து வீட்டாரும் நல்லவர்களே. ஆனால் அடுப்பு எரியவில்லையே!

எச்சரிக்கையே வருவதில்லை என்று நாம் பழி சொல்லமாட்டோம். வருகிறது. "இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படும், கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று வருகிறது. கன அடியை வைத்துக்கொண்டு தொழிலாளி என்ன செய்வார்? எந்தத் தெரு, எந்த நேரம், முழங்காலா, கழுத்தா என்பதல்லவா அவருக்கு வேண்டும்?

உலையடியில் நிற்பவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. உருகிய இரும்பு உள்ளே கொதிக்கும்போது வெள்ளம் புகுந்தால் என்ன ஆகும் என்பது சிப்காட்டில் வேலை செய்யும் எந்தத் தோழருக்கும் தெரியும். வெடிக்கும்! உலையை ஊற்றி, வெறுமையாக்கி, மின்சாரத்தை நிறுத்த நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தரவேண்டியது யார்? கணக்குகளைக் கையில் வைத்திருப்பவர்கள்!

கூடிச் செய்தால் முடியுமா என்று கேட்பீர்கள். செய்து காட்டியிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் பாய்ந்து சென்னையை மூழ்கடித்தது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அதை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே சொல்லிற்று. அந்த அடிக்குப் பிறகுதான் சென்னை ஐ.ஐ.டி., மும்பை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், கடலோர ஆராய்ச்சி மையம் ஆகியவை ஒன்றுகூடின. மழை, ஆறு, கடலேற்றம் மூன்றையும் ஒரே கணக்கில் கோத்து, எந்த வட்டாரத்தில் எவ்வளவு நீர் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் முறையை உருவாக்கின. 2019-இல் அது வெளியாயிற்று. தனித்தனியே இருந்தபோது முடியாதது சேர்ந்தபோது முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு மாநகரம் மூழ்கவேண்டியிருந்ததே, அதுதான் வேதனை!

"எல்லாவற்றையும் வெளியே சொன்னால் மக்கள் பீதியடைவார்கள்" என்று மேதாவிகள் சிலர் சொல்லுவார்கள். அவர்களுக்கு 2004 டிசம்பர் 26-ஐ நினைவூட்டுவோம். காலை ஆறரை மணி அளவில் சுமத்ராவில் கடலடி நிலம் அதிர்ந்தது. நம் கரையை அலை தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இரண்டு மணி நேரம்! மெரினாவிலிருந்து நாகப்பட்டினம் வரை கரையைக் காலி செய்யப் போதுமான நேரம். பசிபிக் கடல் நாடுகள் 1965 முதல் கூட்டாகச் சுனாமிச் செய்தி பகிர்ந்துவந்தன. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒன்று இல்லை. டில்லியில் எச்சரிக்கைத் தாள் முன்னாள் அமைச்சர் வீட்டுத் தொலைநகலுக்குப் போயிற்று என்று அந்நாளைய ஏடுகள் எழுதின. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மடிந்தார்கள்.

அதே நாளில் புதுச்சேரி நல்லவாடு என்ற மீனவர் ஊரில் நடந்தது வேறு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஓர் அறிவு மையத்தை வைத்திருந்தது. மீனவருக்குக் கடல்நிலை சொல்ல அங்கே ஓர் ஒலிபெருக்கி. சிங்கப்பூரிலிருந்து அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் கூவினார்: "ஓடுங்கள்!" ஒலிபெருக்கி முழங்கிற்று. ஊர் ஓடிற்று. வீடுகள் போயின, படகுகள் போயின, மக்கள் பிழைத்தனர். பீதியடைந்தா செத்தார்கள்? செய்தி அறிந்து பிழைத்தார்கள்! செய்தி எட்டாத ஊர்தான் செத்தது.

அதற்குப் பிறகே ஐதராபாத்தில் 2007-இல் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இன்று அது இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கெல்லாம் செய்தி தருகிறது. நாடு விட்டு நாடு பகிர முடிகிறது. பிச்சாட்டூரும் பொன்னேரியும் பகிர்ந்துகொள்ள என்ன தடை?

சட்டம் தடையா? இல்லை. வானிலைக் கணக்குகளை நாடுகள் தாராளமாகப் பரிமாறவேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 1995-இலேயே தீர்மானம் போட்டது. மக்கள் பணத்தில் திரட்டிய புள்ளிவிவரம் மக்களுக்குத் திறந்திருக்கவேண்டும் என்ற கொள்கையை இந்திய அரசு 2012-இல் ஏற்றது. கங்கை, பிரமபுத்திரா, சிந்து ஆற்றுப் படுகைகளின் நீர்க் கணக்குக்கு நாட்டெல்லையைக் காட்டி இரகசிய முத்திரை குத்தியிருக்கிறார்கள். நம் ஆறுகளுக்கு அந்த முத்திரைகூட இல்லை! கொசத்தலையாறு எந்த அந்நிய நாட்டுக்கு ஓடுகிறது?

வெள்ளத்தோடு முடிகிறதா? மிக்ஜாம் புயல் 2023 டிசம்பரில் வந்தது. மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கிற்று. மீனவர் வாளியிலும் மக்கிலும் அதை அள்ளிய காட்சியை நாடு பார்த்தது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூரில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? காற்றடிக்கும் திசையிலேயே ஓடக்கூடாது, குறுக்கே விலகவேண்டும், ஈரத்துணியால் மூக்கைப் பொத்தவேண்டும் — இந்த மூன்று வரி ஆலை அதிகாரிக்குத் தெரியும், ஆராய்ச்சியாளருக்குத் தெரியும். அடுத்த சுவரில் குடியிருப்பவருக்குத் தெரியாது!

1984-இல் போபாலில் நச்சுக்காற்று பரவியபோது, வந்தது என்ன வாயு, கொடுப்பது என்ன மருந்து என்று டாக்டர்களுக்கே தெளிவாகச் சொல்லப்படவில்லை. அந்தப் பிணக்குவியலுக்குப் பின்புதான் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான பொருள் எது, அதனால் வரும் கேடு என்ன, தப்பும் வழி என்ன என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்லுவது முதலாளியின் கடமை என்று எழுதினார்கள். பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கடமை இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது. ஆலை வாசலில் இருக்கிறதா? நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது பாருங்கள், தோழர்களே!

நாம் கேட்பது இவைதான். மழை, அணை, ஏரி, கடல், ஆலை — ஐந்து கணக்கும் ஆராய்ச்சியாளர் எல்லாருக்கும் விண்ணப்பமின்றித் திறந்திருக்கட்டும். பெரிய கல்விக்கூடத்துக் கருவியையும் கணிப்பொறியையும் பொன்னேரி அரசுக் கல்லூரி மாணவனும் பயன்படுத்தட்டும். பிச்சாட்டூரிலும் கிருஷ்ணாபுரத்திலும் மதகு அசையும் முன்பே ஊத்துக்கோட்டையில் செய்தி ஒலிக்கட்டும். ஆற்றங்கரை ஊர்தோறும், ஆலை வாசல்தோறும் படிக்காதவரும் பார்த்தறியும் கூண்டு ஒன்று ஏறட்டும்.

அந்தச் செய்தி தமிழில் மட்டும் இருந்தால் போதாது. வியப்படையாதீர்கள்! சிப்காட் கொட்டகைகளில் பீகார், ஒரிசா, வங்கத் தோழர்கள் தங்கியிருக்கிறார்கள். நம்மீது இந்தியைத் திணித்தபோது ஏன் எதிர்த்தோம்? மனிதனுக்கு அவன் தாய்மொழியில் சேதி சொல்லவேண்டும் என்பதற்காக. அந்த நியாயம் நமக்கு மட்டுமா? வெள்ளம் வருகிறது என்பதை ஒடியாக்காரருக்கு ஒடியாவில், வங்காளிக்கு வங்கத்தில், போஜ்புரிக்காரருக்குப் போஜ்புரியில் சொல்லுங்கள். நம் கொள்கைக்கு அது முரணன்று. நம் கொள்கையே அதுதான்.

பகிர்வது மேலிருந்து கீழே மட்டும் வருவதா? அன்று. கீழிருந்தும் மேலே போகவேண்டும். முகத்துவாரத்தில் மணல் எப்போது அடைக்கும் என்பது பழவேற்காட்டு மீனவருக்குத் தெரியும். எந்த மதகு பழுது என்பது உழவருக்குத் தெரியும். 2015-இலும் 2023-இலும் தம் வீட்டில் நீர் எந்த அளவுக்கு நின்றது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆராய்ச்சியாளருக்கு விலைமதிப்பற்ற கணக்கு அது. எந்த ராடாரும் தராத கணக்கு!

ஆகவே தோழர்களே, அரசினர் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கவேண்டாம். சுவரெழுத்தில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. இந்தக் கார்காலத்துக்குள் ஒவ்வொரு கிளையும் ஒரு வேலை செய்யட்டும். நீலச் சாயமும் தூரிகையும் எடுங்கள். தெருவுக்கு ஒரு சுவரில், வீட்டாரைக் கேட்டு, வெள்ளம் நின்ற உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் ஆண்டை எழுதுங்கள். அதை ஏட்டில் குறித்துக் கல்லூரிக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "எங்கள் கணக்கைத் திறந்து வைத்துவிட்டோம், உங்கள் கணக்கைத் திறவுங்கள்" என்று கேளுங்கள்.

முதல் கோட்டைப் பொன்னேரிப் பக்கத்தில், ஆரணியாற்றங்கரையில், அந்த இரும்பாலைத் தோழர் வீட்டுச் சுவரில் போடுவோம். அவர் இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் நேரம் பார்த்து நாமும் வருகிறோம்.