நாடியைத் தொடாத கைகள்

ஜூஜுவாடி சோதனைச்சாவடி வருஷக்கணக்காக லாரிகளை நிறுத்திச் சரக்கையும் சீட்டையும் பார்த்த இடம். அதே ரோட்டில் சிப்காட் ஷிப்டுக்கு நடக்கிற கர்ப்பிணியின் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் எண்ணிப்பார்க்க ஆளில்லை.

"அக்கா, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது, படுத்தா மூச்சு முட்டுது" என்று ஏழாம் மாசத்தில் எங்கள் தெருப் பெண் சொன்னாள். "ரத்தம் கம்மி, கீரை தின்னு. மொதப் புள்ள, பயந்துக்கறே" என்று அனுப்பிவிட்டார்கள். (மாட்டுக்கறியிலும் இரும்புச்சத்து உண்டு. அதைச் சொல்ல ஒரு வாயும் திறக்காது.)

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்டப் பாதி கூடும். படபடப்பு பலருக்கும் வரும், பெரும்பாலும் கெடுதலில்லை. ஆனால் சின்ன வயசுத் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்த ருமாட்டிக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவளுக்கு அந்தச் சுமை தாங்காது. இதயத்தின் மேலறை தாளம் தப்பி நடுங்கும், ரத்தம் அங்கே தேங்கி உறையும், நுரையீரலில் நீர் கோக்கும். இது கர்ப்பம் தந்த நோயா? ஒரே அறையில் ஏழுபேரைப் படுக்கவைத்த வாழ்க்கை தந்த நோய்.

மிகையில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 2016 முதல் 2019 வரை பதிவுசெய்த, இதயநோயுள்ள 1029 கர்ப்பங்களில் 623-இல் நோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. அதுவரை அந்த நெஞ்சுகளில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டது யார்?

வைத்தியம் இல்லையென்று யாரும் தப்பிக்க முடியாது. துடிப்பை அடக்க மெட்டோப்ரோலால், டிகாக்ஸின் இருக்கின்றன. உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி குழந்தைக்குப் போய்ச் சேராது. முதல் மூன்று மாசத்தில் வார்ஃபரின் சிசுவை ஊனப்படுத்தலாம், அமியோடரோன் அதன் தைராய்டைக் கெடுக்கலாம். ஆகவே பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். உயிர் போகிற நிலையில், வயிற்றில் பிள்ளை இருந்தாலும், மின் அதிர்ச்சியால் தாளத்தைத் திருப்பலாம். சுருங்கிய வால்வைப் பலூனால் விரிக்கலாம்.

இவ்வளவுக்கும் முதல் வேலை கையைப் பிடிப்பது. கையில் பட்டை சுற்றும் மெஷின் ஒரு நம்பரைக் காட்டும், தப்பின தாளத்தை நம்பிச் சொல்லாது. நெஞ்சில் எண்ணி, மணிக்கட்டில் எண்ணி, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எங்களைத் தொட வேண்டுமே! அங்கேதான் இடிக்கிறது. சீட்டு மேஜையில் வந்து விழுகிறது, கை வருவதில்லை.

எங்கள் பெண் பிழைத்தாள். எட்டாம் மாசத்தில் வேறோர் ஆஸ்பத்திரியில், பயிற்சிக்கு வந்த ஒரு சின்ன நர்ஸ் அவள் கையைப் பிடித்து எண்ணி, மறுபடி எண்ணி, ஓடிப்போய் டாக்டரை இழுத்துவந்தது. இப்போது மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி போட வேண்டும். ஊசிக்குப் போகிற நாளில் கான்ட்ராக்டர் சம்பளம் பிடிக்கிறான்.