வீதியைத் தீர்மானிப்பவர் யார்?

தஞ்சாவூரில் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் எஞ்சி நிற்கும் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும், முன்பு இரண்டு படி ஏறித் திண்ணையை அடைந்த வீட்டுக்காரர்கள் இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கித் தம் வீட்டுக்குள் போவதைக் காணலாம். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தளத்தைப் போட்டு, சில ஆண்டுகள் கழித்து அதற்கும் மேல் இன்னொன்றைப் போட்டு, தெருவை உயர்த்திக்கொண்டே போனதால் விளைந்தது இது. ஐப்பசி அடைமழையில் தெருத் தண்ணீர் முழுவதும் வாசற்படியைத் தாண்டி நடைக்குள் வருகிறது. பழைய தளத்தை அகற்றிய பிறகே புதிய தளம் போடவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் மாநில அரசின் தலைமைச் செயலகத்திலிருந்து உத்தரவு பிறந்தது. நல்ல உத்தரவுதான். ஆனால், வேலை தொடங்குமுன் அந்தச் சந்தில் குடியிருக்கும் நாலு பேரைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டிருந்தால், அத்தகைய உத்தரவுக்கே அவசியம் நேர்ந்திராது என்பது என் திடமான எண்ணம்.

ஒரு தெருவுக்குச் சாலையோ சாக்கடையோ வந்து சேரும் மார்க்கத்தைப் பெரும்பாலோர் அறியோம். வார்டு உறுப்பினரிடம் மனு போகிறது; மாநகராட்சிப் பொறியாளர் அளந்து மதிப்பீடு தயாரிக்கிறார்; மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறுகிறது; டெண்டர் விடப்பட்டு ஒப்பந்தக்காரர் வருகிறார். இதற்கான பணமோ ஒரே பெட்டியிலிருந்து வருவதன்று. நாம் அரையாண்டுக்கொருமுறை கட்டும் சொத்துவரி ஒரு பகுதி. மாநில நிதிக்குழுவும் மத்திய நிதிக்குழுவும் சிபாரிசு செய்யும் பங்கு ஒரு பகுதி. சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோரின் தொகுதி நிதி மற்றொரு பகுதி. இவற்றுக்கு மேல் அவ்வப்போது தோன்றி மறையும் விசேஷத் திட்டங்கள். ஒவ்வொரு நிதிக்கும் அதற்கென்று விதிகள் இருப்பதால், தெருவுக்கு எது தேவையோ அது கிடைப்பதைவிட, அந்த வருஷம் கையிலிருக்கும் நிதி எதை அனுமதிக்கிறதோ அதுவே கிடைப்பதுதான் வழக்கமாயிருக்கிறது. மழைநீர் வடிகாலுக்காக ஏங்கும் சந்துக்கு சிமெண்டுக் கல் பதிக்கப்படுகிறது. கல் பதித்து முடிந்த மறுவருஷம் குழாய் போடுவதற்காக அதே கல் பெயர்க்கப்படுகிறது.

1865-ஆம் ஆண்டின் நகர அபிவிருத்திச் சட்டத்தை ஒட்டி, 1866-லேயே நகராட்சியாகி, 2014-ல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் இது. ஒன்றரை நூற்றாண்டு ஸ்தல ஸ்தாபன அனுபவமுள்ள இந்நகரத்தின் வாழ்வில் மிகப் பெரிய பணம் வந்த காலத்திலே, அதன் மாமன்ற உறுப்பினர் ஒருவர்கூடப் பதவியில் இல்லை என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. 2016 செப்டம்பரில் பொலிவுறு நகரத் திட்டத்துக்குத் தஞ்சாவூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. நகரம் ஒன்றுக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய், அதற்கு ஈடாக மாநிலத் தரப்பில் இன்னொரு 500 கோடி என்பது அத்திட்டத்தின் ஏற்பாடு. மறுமாதமே, அக்டோபரில், உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் மறுபடி நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ல். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அதிகாரிகளும், இத்திட்டத்துக்கென்றே அமைந்த ஒரு கம்பெனியுமே எந்த வேலை முந்தியது, எது பிந்தியது என்று நிர்ணயித்து வந்தனர். அவர்கள் செய்தவை யாவும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். சிவகங்கைக் குளத்திலிருந்து நிலத்தடி வழியாக நீர் பெற்று வந்த நாயக்கர் காலத்து அய்யன்குளம் தூர்ந்து கிடந்த நிலை மாறி மீண்டும் குளமாயிற்று; சாமந்தான் குளமும் அவ்வாறே. அவற்றைப் பார்த்து மனம் குளிராதவர் இருக்க முடியாது. ஆயினும், பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் பூங்காவுக்கும் கோடிகளை ஒதுக்கிய அந்தக் காலத்தில், பின்சந்துகளின் சாக்கடை எந்த வரிசையில் இருந்தது என்று மன்றத்தில் எழுந்து நின்று கேட்பதற்கு ஓர் உறுப்பினரும் இல்லாமற்போனது ஜனநாயகத்துக்கு நேர்ந்த பெருங்குறையே.

பொது வேலையைத் தாமே தீர்மானிப்பது நம் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதன்று. மேட்டூர் அணை வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, ஆற்றில் புதுத் தண்ணீர் வருமுன் வாய்க்காலைத் தூர் வாரி, கரையைக் கட்டி, மதகைச் செப்பனிடுவதைக் குடிமராமத்து என்ற பெயரில் கிராமங்களே ஏற்று நடத்தின. 1858-ல் ஆங்கில அரசாங்கம் அதைச் சட்டத்திலும் எழுதி வைத்தது. எந்த இடத்தில் கரை உடையும், எந்தக் கண்ணாறு அடைத்துக்கொள்ளும் என்பது அந்தத் தண்ணீரில் பயிர் செய்கிறவனுக்குத் தெரியுமாதலால், வேலையைத் தீர்மானித்ததும் செலவைத் தாங்கியதும் ஒரே இடத்தில் நின்றன. இதை நான் பொற்காலமாகப் பாராட்டவில்லை. மிராசுதார் தீர்மானித்தார், மண்வெட்டி பிடித்தவர் பண்ணையாள், அவரை ஒருவரும் கேட்கவில்லை. அந்த அநீதியைக் களைந்து, எஞ்சிய நல்ல அம்சத்தை மட்டும் நகரத்துக்குக் கொண்டுவருவதே நாம் செய்யத்தக்கது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்து, பாசனதாரர் 10 சதவீதம் பங்கேற்கும்படி ஏற்பாடு செய்தபோது, வயலுக்கு உரிய இந்த முறை தெருவுக்கு ஏன் ஆகாது என்று எண்ணினேன்.

நகரத்துக்கு இதற்கு நெருங்கிய திட்டம் ‘நமக்கு நாமே’ என்பது. 1990-களின் பிற்பகுதியில் தோன்றி, 2021-க்குப் பிறகு நகரங்களில் மீண்டும் உயிர்பெற்ற இத்திட்டத்தில், பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும். குளத்துக்கும் பூங்காவுக்கும் பள்ளிக் கட்டிடத்துக்கும் இது மிகப் பொருத்தமே. தெருச் சாக்கடைக்கு மாத்திரம் இதை அளவுகோலாக்க நான் சம்மதியேன். மருத்துவர்களும் வியாபாரிகளும் வாழும் விரிவாக்க நகர் ஒன்று தன் மூன்றில் ஒரு பங்கை ஒரே மாலையில் திரட்டிவிடும். கூலி வேலைக்குப் போகிறவர்களின் குடியிருப்பு, ஒரு வருஷம் அலைந்தாலும் திரட்ட முடியாது. பங்கு கொடுத்தவனுக்கே முதல் உரிமை என்றாகிவிட்டால், அதிகமாகத் தண்ணீர் தேங்கும் தெரு கடைசி வரிசையில் நிற்கும். 2022 ஏப்ரலில் சொத்துவரியைக் கட்டிடத்தின் அளவுக்கேற்ப 25 முதல் 100 சதவீதம்வரை உயர்த்தியபோது நாம் கொடுக்கச் சம்மதித்தோம். கொடுத்த பிறகும் தெருவுக்காகத் தனியே உண்டி குலுக்க வேண்டுமென்பது முறையன்று.

பணம் போடாமலே தீர்மானிக்கும் உரிமையைப் பெற ஒரு வழி இப்போது இருக்கிறது. வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-ல் வெளியாகி, அவ்வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. அந்தப் பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினர். வாடகைக்கு இருப்பவரும் சொந்த வீட்டுக்காரரும் அங்கே சமம். பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் தன் பட்ஜெட்டின் ஒரு பகுதியைக் குடியிருப்பாளர் கூட்டங்களிலே தீர்மானித்து, ஏழைப் பேட்டைகளுக்குக் குடிநீரும் சாக்கடையும் முந்திச் சென்றடையச் செய்தது. நம் பகுதி சபைக்கு இன்னும் பட்ஜெட்டில் ஒரு காசு கூட ஒதுக்கும் அதிகாரம் இல்லை. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே.

அந்த அதிகாரத்தை மாமன்றம் தானாகவே கொடுக்கலாம். தஞ்சாவூரின் 51 வார்டுகளுக்கும் வருஷந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, அதை எந்தத் தெருவில் எதற்குச் செலவழிப்பது என்று பகுதி சபையே முடிவு செய்யட்டும். மதிப்பீட்டையும் ஒப்பந்தத் தொகையையும் வேலை தொடங்குமுன் தெருமுனையில் தமிழில் எழுதி வைக்கட்டும். வாசகர்களுக்கு நான் செய்யும் விண்ணப்பமும் ஒன்று உண்டு: அடுத்த பகுதி சபை என்றைக்கு என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் இந்த வாரமே கேளுங்கள், தேதி தெரிந்ததும் உங்கள் தெருவிலேயே மிகத் தாழ்ந்த இடத்தில் குடியிருப்பவரை முன்னிறுத்தி அழைத்துக்கொண்டு போங்கள்.