கோலியும் நுரையும்

செவ்வாய்க்கிழமை என்றால் மேலப்பாளையத்தில் ஆட்டுச் சந்தை. பேரம் முடிந்து, பிரியாணியையும் ஒரு கை பார்த்தவர் அடுத்துத் தேடுவது சோடா. "பாய், கூலா ஒரு கோலி சோடா!" 'டொப்'! கோலி உள்ளே, ஏப்பம் வெளியே. சின்ன சமாசாரம் மாதிரி தெரியும். ஆனால் அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் நெல்லைத் தம்பி ஒருவரைப் படுத்தி எடுத்ததும் இதே சமாசாரம்தான்.

அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் பீர் பீப்பாய், காஸ் சிலிண்டர், குழாய் எல்லாம் உண்டு. (அங்கே அது ஓ.கே. இங்கே 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்சினால் வருவது நுரையல்ல, போலீஸ்!) திறந்தால் முக்கால் டம்ளர் நுரை. "பிரஷரைக் குறைச்சுப் பார்த்தேன் அண்ணாச்சி, இன்னும் மோசமாயிட்டு!" என்றார்.

மோசமாகத்தான் ஆகும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு காஸ் திரவத்தில் கரையும் என்று 1803-ல் வில்லியம் ஹென்றி சொல்லிவிட்டார். குளிர்ந்தால் இன்னும் கரையும். அழுத்தத்தைக் குறைத்தால் கரைந்த காஸ் குழாய்க்குள்ளேயே குமிழியாகக் கிளம்பிவிடும். வைத்தியம் வேறு. பீர் 3, 4 டிகிரியில் இருக்கட்டும். பிரஷர் 12 பி.எஸ்.ஐ. போதும், பைக் டயருக்கு அடிப்பதில் பாதிகூட இல்லை. குழாயை மட்டும் நீளமாக்க வேண்டும். 3/16 அங்குலக் குழாய் என்றால் சுமார் 10 அடி. உரசி உரசி வருவதற்குள் வேகம் அடங்கி, பீர் சாதுவாக இறங்கும்.

சோடாவுக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசஃப் ப்ரீஸ்ட்லி என்ற பாதிரியார், நுரைத்துக்கொண்டிருந்த பீர்த் தொட்டிக்கு மேலே தண்ணீரைக் காட்டித்தான் முதலில் காஸ் ஏற்றினார். சோடாவுக்குத் தாய்வீடே பீர் ஆலை!

கோலி சோடாவுக்கு 10 அடிக் குழாய் கிடையாது. கோலியைத் தட்டியதும் மொத்த அழுத்தமும் ஒரே தாவலில் இறங்கியாக வேண்டும். அதனால்தான் ஜில்லென்று இருந்தால் சமர்த்தாக இருக்கிறது, சூடாக இருந்தால் சட்டை நனைகிறது.

சட்டை நனைந்தால் துவைக்கலாம். வெயிலில் கிடந்த பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கீறல் விழுந்த பழைய பாட்டிலாக இருந்தால் வெடிக்கும். பாட்டிலைத் தலைகீழாகச் சுழற்றி காஸ் ஏற்றுகிற தொழிலாளிக்கு ஆபத்து இன்னும் பக்கத்தில். கம்பி வலையும் கையுறையும் இல்லாவிட்டால் ஒரு சில்லு போதும், கண் போய்விடும். எவ்வளவு காஸ் ஏற்றலாம் என்ற கணக்கு அவருக்கு ருசி விவகாரம் இல்லை.

ஆகவே ஆபீஸ் நண்பர்களே, சோடா வாங்கினால் நிழலில் இருக்கும் கடையில் வாங்குங்கள். பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். உடைக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். ஏப்பத்துக்கு நான் கியாரண்டி.